பட்டாளத்துத் தாய்க்குப் பக்கபலமாக நிற்க: புதிய குடும்பங்களுக்குப் பன்னிரண்டு அறிவுரைகள்

வேலூர் மாவட்டத்தில் எங்கள் பக்கம் பட்டாளத்துக்காரர் இல்லாத தெரு குறைவு. நானும் காலாட்படையில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவன். என் மகள் பரங்கிமலையில் பயிற்சி முடித்து ராணுவ அதிகாரி ஆனாள். அவளுடைய பிள்ளைகள் இருவரும் பெரும்பாலும் எங்கள் வீட்டில்தான் வளர்ந்தார்கள். அதனால் மகளையோ மருமகளையோ படைக்கு அனுப்பியிருக்கும் இளம் குடும்பத்தார் யோசனை கேட்டு என்னிடம் வருகிறார்கள். "ஐயா, அவ முழுகாம இருக்கா. பிரசவ லீவு முடிஞ்சா டியூட்டிக்குத் திரும்பணும். நாங்க எப்படிச் சமாளிக்கிறது?" என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். வாசலில் நின்று சொன்னதை வரிசையாக எழுதிக் கொடுத்தால் இன்னும் நாலு பேருக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன்.

நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். சீருடை போட்ட தகப்பனுக்கு நம் ஊர் சிலவற்றைக் கேட்காமலே கொடுத்து வந்திருக்கிறது. அவன் இல்லாத நாளிலும் அவன் வீடு நடந்தது. பிள்ளையைப் பிரிந்திருப்பதற்காக யாரும் அவனைக் குற்றம் சொன்னதில்லை. லீவில் வந்தால் மரியாதையோடு வரவேற்றார்கள். சீருடை போட்ட தாய்க்கும் இவை மூன்றையும் கொடுங்கள்.

1. அவள் என்ன வேலை செய்கிறாள் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

"மிலிட்டரியில இருக்கா" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளாதீர்கள். எந்தப் படைப்பிரிவு, என்ன பதவி, அவள் பொறுப்பில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று உட்கார வைத்துக் கேளுங்கள். சொல்லக்கூடியதை அவள் சொல்வாள்.

நம் நாட்டு ராணுவத்தில் பெண்கள் நேற்று வந்தவர்கள் இல்லை. ராணுவச் செவிலியர் பணியின் தொடக்கம் 1888-ஆம் ஆண்டு. கன்னியாகுமரி மாவட்டத்துக்காரரான இக்னேசியஸ் டெலோஸ் புளோரா அந்தப் பணியில் மேஜர் ஜெனரலாக உயர்ந்தவர். மருத்துவம் சாராத பிரிவுகளில் 1992-இல்தான் பெண் அதிகாரிகளுக்குக் கதவு திறந்தது. அப்போது ஐந்து வருடப் பணி என்றுதான் எடுத்தார்கள். 2020 பிப்ரவரி 17-இல் உச்ச நீதிமன்றம் பபிதா புனியா வழக்கில் தீர்ப்பளித்த பிறகு, ஆண்களைப் போலவே நிரந்தரப் பணியும் கிடைத்தது. சிப்பாய் நிலையில் முதல் 83 பெண்கள் 2021 மே மாதம் பெங்களூரில் பயிற்சி முடித்து ராணுவ போலீஸில் சேர்ந்தார்கள். 2023 ஏப்ரலில் பரங்கிமலையில் பயிற்சி முடித்த ஐந்து பெண் அதிகாரிகள் பீரங்கிப் படைக்குப் போனார்கள்.

இதெல்லாம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். "உங்க மருமக அங்க என்னம்மா பண்றா?" என்று யாராவது கேட்டால், மாமியார் தலை நிமிர்ந்து இரண்டு வாக்கியத்தில் பதில் சொல்ல வேண்டும். அதைப் பக்கத்தில் நின்று கேட்டு வளரும் குழந்தைக்குத் தன் அம்மா எங்கே, ஏன் போயிருக்கிறாள் என்பது தெளிவாகிவிடும்.

2. அப்பாவிடம் கேட்காத கேள்வியை அம்மாவிடமும் கேட்காதீர்கள்.

இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

என் முதல் பிள்ளை பிறந்தபோது நான் எல்லையில் இருந்தேன். குழந்தை முகத்தைப் பார்க்கவே பல மாதம் ஆனது. "பச்சைப் பிள்ளையை விட்டுட்டு எப்படிப்பா இருக்கே?" என்று ஒருவர்கூட என்னைக் கேட்கவில்லை. அதே தெருவில், அதே வீட்டு வாசலில், என் மகளை எல்லோரும் அதைக் கேட்டார்கள். கல்யாண வீட்டில் கேட்டார்கள், கோயிலில் கேட்டார்கள். அன்போடு கேட்பதாகவே நினைத்துக் கேட்டார்கள். அது அவள் மனதில் எங்கே போய்த் தைக்கும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

இந்தக் கேள்வி தெருவோடு நின்றதில்லை. ராணுவச் செவிலியர் பணியில் ஒரு காலத்தில் திருமணம் செய்துகொண்டாலே வேலையிலிருந்து அனுப்பும் விதி இருந்தது. அந்த விதி 1995-இல் திரும்பப் பெறப்பட்டது. அதே விதியின் பேரில் 1988-இல் வெளியேற்றப்பட்ட செலினா ஜான் என்ற அதிகாரிக்கு 60 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2024-இல். பபிதா புனியா வழக்கில்கூட, கர்ப்பம், தாய்மை, குடும்பக் கடமை ஆகியவற்றைக் காரணம் காட்டி அரசுத் தரப்பு வாதாடியது. பெண் என்றால் இப்படித்தான் என்ற பழைய எண்ணத்தின் மேல் கட்டிய வாதம் என்று சொல்லி நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் தள்ளிய வாதத்தை நாம் பந்தியில் உட்கார்ந்து மறுபடி எடுத்து வைக்கலாமா?

கேட்பதாக இருந்தால் இப்படிக் கேளுங்கள்: "பிள்ளை நல்லா இருக்கான். நாங்க பாத்துக்கிறோம். உனக்கு அங்க என்ன வேணும்?"

3. லீவுக் கணக்கைத் தாளில் போட்டுப் பாருங்கள்.

பெண் அதிகாரிகளுக்கு இரண்டு குழந்தைகள் வரை ஒவ்வொரு பிரசவத்துக்கும் முழுச் சம்பளத்தோடு 180 நாள் மகப்பேறு விடுப்பு உண்டு. பணிக்காலம் முழுவதற்குமாக 360 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு இருக்கிறது. குழந்தைக்கு 18 வயது ஆகும்வரை அதை எடுக்கலாம். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையைத் தத்தெடுத்தால் 180 நாள். தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றிலும் எல்லா நிலைப் பெண்களுக்கும் அதிகாரிகளுக்கு இணையாக இந்த விதிகளை நீட்டிக்க 2023 நவம்பரில் பாதுகாப்பு அமைச்சர் ஒப்புதல் கொடுத்தார். வருடாந்திர விடுப்பு 60 நாள் தனி.

பார்க்க நிறைய நாள் போலத் தெரியும். பதினெட்டு வருடத்துக்குப் பிரித்துப் பார்த்தால் எவ்வளவு குறைவு என்று புரியும். அதனால் பராமரிப்பு விடுப்பை முதல் இரண்டு வருடத்திலேயே தீர்த்துவிடச் சொல்லி அவளை வற்புறுத்தாதீர்கள். குழந்தை பள்ளிக்கூடம் சேரும் நேரம், ஒரு அறுவை சிகிச்சை, பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு என்று அம்மா பக்கத்தில் இருக்க வேண்டிய காலங்கள் பின்னாலும் வரும். வருட விடுப்பில் வந்தால் ஒன்றுவிட்ட உறவுகளின் காதுகுத்துக்கும் வளைகாப்புக்கும் இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.

லீவு பாஸாவது பணியின் தேவையைப் பொறுத்தது. கையில் டிக்கெட் இருக்கும்போதே ரத்தாகும். அன்றைக்கு அவளிடம் வருத்தத்தைக் காட்டாமல், குழந்தையைச் சமாதானப்படுத்தும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்.

4. காகித வேலையைக் குழந்தை பிறந்த வாரத்திலேயே தொடங்குங்கள்.

பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் அவளுடைய பணிப் பதிவில் உள்ள எழுத்துப்படியே இருக்க வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் பின்னால் அலைச்சல்தான். குழந்தை பிறந்ததை அவள் யூனிட்டில் பார்ட்-டூ ஆர்டர் என்னும் பணிப் பதிவு உத்தரவில் பதிவு செய்தால்தான் மிலிட்டரி ஆஸ்பத்திரி வைத்தியம், படிப்புச் சலுகை எல்லாம் ஒழுங்காக நடக்கும். அதற்கு வேண்டிய சான்றிதழ்களை எடுத்து அனுப்புவது வீட்டில் இருப்பவர் வேலை.

பள்ளியிலும் ஆஸ்பத்திரியிலும் தாய்க்குப் பதிலாகக் கையெழுத்துப் போடப்போவது யார் என்று முடிவு செய்து, அவர் பெயரில் அவளிடம் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். தடுப்பூசி அட்டை, ரத்த வகை, ஒவ்வாத மருந்துகள், ஆதார், இன்ஷூரன்ஸ் எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். அந்த ஃபைல் இருக்கும் இடம் வீட்டில் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்கட்டும்.

5. பெற்ற உடம்புக்குத் தேறும் நேரம் கொடுங்கள், ஓடவும் விடுங்கள்.

கர்ப்ப காலத்தில் அவளுடைய மருத்துவத் தகுதி வகையைத் தற்காலிகமாக மாற்றுவார்கள். பிரசவத்துக்குப் பிறகு பழைய நிலைக்கு வர வேண்டும். ஓட்டம் உள்ளிட்ட உடற்தகுதித் தேர்வுகளில் தேற வேண்டும். பதவி உயர்வும் நிரந்தரப் பணியும் அதைப் பொறுத்தவை. நிரந்தரப் பணிக்கான மருத்துவத் தகுதியை நடுத்தர வயதில் வைத்து அளந்ததை எதிர்த்துப் பெண் அதிகாரிகள் வழக்குப் போட்டார்கள். ஆண்களை இளவயதில் அளந்த அளவுகோலைப் பெண்களுக்கு இத்தனை வருடம் கழித்துப் பிடிப்பது நியாயம் இல்லை என்று நிதிஷா வழக்கில் 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உடம்பு என்பது அவளுக்கு இவ்வளவு பெரிய விஷயம்.

நம் வீடுகளில் பிள்ளை பெற்றவளைப் படுக்க வைத்துப் பத்தியம் போடுவதில் குறை வைக்க மாட்டார்கள். அது நல்லதுதான். டாக்டர் நடக்கச் சொன்ன நாளிலிருந்து நடக்கவும், ஓடச் சொன்ன நாளிலிருந்து ஓடவும் வழி விடுவதும் அதே அளவு முக்கியம். விடியற்காலை ஐந்து மணிக்கு அவள் ஷூ மாட்டும்போது, "பச்சை உடம்புக்காரி எங்க கிளம்பிட்டா?" என்று கேட்காமல் குழந்தையைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஒரு மணி நேரம் யார் முறை என்று வாரத்துக்கு ஒரு முறை பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

பால் விஷயத்தைப் பணிக்குத் திரும்பும் கடைசி நாள்வரை தள்ளாதீர்கள். எடுத்து வைத்த தாய்ப்பால் ஃபிரிட்ஜில் நான்கு நாள் வரை இருக்கும். ஃப்ரீசரில் ஆறு மாதம் வரை நன்றாக இருக்கும். சாதாரண அறை வெப்பத்தில் நாலு மணி நேரம்தான். எங்கள் வேலூர் வெயிலில் அதையும் நம்பக் கூடாது, எடுத்தவுடன் உள்ளே வைத்துவிட வேண்டும். என் மனைவி ஒவ்வொரு பாட்டிலிலும் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி, பேனாவால் தேதியும் நேரமும் எழுதி, பழையதை முன்னாலும் புதியதைப் பின்னாலும் அடுக்குவாள். அந்த அடுக்கைப் பார்த்துவிட்டுத்தான் என் மகள் மனம் ஆறிக் கிளம்பினாள். பாலை நிறுத்துவதாக இருந்தால் டாக்டரிடம் கேட்டுப் படிப்படியாக நிறுத்த வேண்டும். திடீரென்று நிறுத்தினால் மார்பில் பால் கட்டிக் காய்ச்சலோடு அவள் டியூட்டியில் நிற்க வேண்டி வரும்.

6. தம்பி, இது தகப்பனாகிய உங்களுக்கு.

மனைவிக்கு "உதவி செய்கிறேன்" என்று சொல்லாதீர்கள். பிள்ளை உங்களுடையது. அடுத்த தடுப்பூசி எப்போது, செருப்பு அளவு என்ன, எந்த டீச்சரைக் கண்டால் பயப்படுகிறான், தலையில் பேன் இருக்கிறதா என்று உங்களைக் கேட்டால் உங்களுக்கே பதில் தெரிந்திருக்க வேண்டும். பாட்டியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றால், பாரம் அம்மாவிடமிருந்து பாட்டிக்கு மாறியிருக்கிறது என்றுதான் பொருள்.

நீங்களும் படையில் இருப்பவர் என்றால் கணவன் மனைவி இருவரையும் ஒரே ஊரில் போஸ்டிங் போடச் சொல்லிக் கேட்கலாம். கேட்பதற்கு இடம் உண்டு, கிடைக்கும் என்ற உறுதி கிடையாது. ஒருவர் ஃபீல்டில், அதாவது குடும்பத்தை அழைத்துப் போக முடியாத இடத்தில், இருக்கும்போது மற்றவர் குடும்பத்தோடு தங்கக்கூடிய பீஸ் ஸ்டேஷனில் இருக்கும்படி அமைந்தால் அதுவே பெரிய காரியம். இரண்டு பேருக்கும் ஒரே சமயம் ஃபீல்டு வந்தால் குழந்தை எங்கே இருக்கும் என்பதை அந்த உத்தரவு வருவதற்கு முன்பே பேசி முடிவு செய்யுங்கள்.

ஊரில் நாலு பேர், "பொண்டாட்டி பட்டாளத்துல, இவன் பிள்ளைக்குச் சோறு ஊட்டுறான்" என்று சொல்லத்தான் செய்வார்கள். சொல்லட்டும். உங்கள் பிள்ளை வயிறு நிறைந்து தூங்குவதை மட்டும் பாருங்கள்.

7. தாத்தா பாட்டிகளில் யார் பொறுப்பு, அது எதுவரை என்று பேசிவிடுங்கள்.

குழந்தையை ஆறு மாதம் இந்த வீட்டில், ஆறு மாதம் அந்த வீட்டில் என்று சம்பந்தி வீடுகள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டாம். முதல் ஐந்து வருடம் குழந்தைக்கு ஒரு வீடு, ஒரு தினசரி ஒழுங்கு, முக்கியமாக ஒரு ஆள் வேண்டும். மற்றவர்கள் அந்த ஆளுக்குத் துணையாக வந்து போகட்டும். வளர்க்கிற பாட்டிக்கும் முட்டி வலிக்கும், அவளும் ஊருக்குப் போக ஆசைப்படுவாள். வருடத்தில் சில வாரமாவது அவளுக்கு ஓய்வு கிடைக்கும்படி முன்கூட்டியே ஏற்பாடு வையுங்கள்.

பெரிய முடிவுகள் தாயுடையவை. பள்ளி, மொட்டை போடும் நாள், மருத்துவம், எந்த மொழியில் படிப்பது ஆகியவற்றை அவளிடம் கேட்காமல் முடிவு செய்துவிட்டு, "நீதான் இங்க இல்லையே" என்று சொல்வது கொடுமை.

8. ஃபோன் வரும் நேரத்தை மதியுங்கள்.

முன்னணிப் பகுதிகளில் சிக்னல் கிடைப்பதே அபூர்வம். கிடைக்கும் ஐந்து நிமிடத்தில் மாமியார் குறை, தண்ணீர் மோட்டார் ரிப்பேர், கரன்ட் பில் எல்லாம் பேசாதீர்கள். முதலில் குழந்தையிடம் கொடுங்கள். "அம்மா ஏழு மணிக்குக் கூப்பிடுவாங்க" என்று குழந்தையிடம் நேரம் சொல்லி வைக்காதீர்கள். ஃபோன் வராவிட்டால் அது இரவு முழுக்க ஏங்கும். "எப்ப முடியுதோ அப்ப கூப்பிடுவாங்க" என்பதே உண்மை, அதையே சொல்லுங்கள்.

பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் மறைக்காதீர்கள். பின்னால் தெரிந்தால் நீங்கள் சொல்லும் எதையும் அவள் நம்ப மாட்டாள். சொல்லும்போது இந்த வரிசையில் சொல்லுங்கள்: "டாக்டரிடம் காட்டியாச்சு. மருந்து கொடுத்தாச்சு. இப்ப தூங்குறான். காய்ச்சல் 102 இருந்தது, இறங்கிட்டு வருது." செய்து முடித்ததை முதலில் கேட்டால் தூரத்தில் இருப்பவளுக்கு மூச்சு சீராகும்.

இன்னொன்று பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. "இப்ப எந்த இடத்துல இருக்கே?" என்று ஃபோனில் கேட்காதீர்கள். அவள் யூனிட், போகும் தேதி, சீருடையில் எடுத்த படம் எதையும் பெருமைக்காக வாட்ஸ்ஆப்பிலும் முகநூலிலும் போடாதீர்கள். குழந்தையின் பள்ளிப் பெயர் தெரியும் படத்தையும் போட வேண்டாம். உங்கள் பெருமை நெஞ்சோடு இருக்கட்டும்.

9. பார்சல் அனுப்புங்கள்.

ஃபீல்டு முகவரியில் ஊர்ப் பெயர் இருக்காது. பணி எண், பதவி, பெயர், யூனிட், அதன்பின் 56 ஏ.பி.ஓ. அல்லது 99 ஏ.பி.ஓ. என்று முடியும். தனியார் கூரியர் அங்கே போகாது. தபால் அலுவலகத்தில் கொடுத்தால் ராணுவத் தபால் வழியாகப் போய்ச் சேரும். எத்தனை நாள் ஆகும் என்று கணக்குச் சொல்ல முடியாது, ஆகவே கெடாத பொருளாக அனுப்புங்கள். பருப்புப்பொடி, முறுக்கு, கடலை மிட்டாய், நன்றாக எண்ணெய் மிதக்கும் ஊறுகாய் போதும். ஊறுகாய் டப்பாவை இரண்டு பிளாஸ்டிக் உறையில் கட்டுங்கள்.

அதோடு குழந்தை சம்பந்தப்பட்ட ஒன்றையும் சேர்த்து வையுங்கள். நாங்கள் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பேரனை வெள்ளைத் தாள்மேல் நிற்க வைத்து, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு அனுப்புவோம். அவனுக்குக் கூச்சமாக இருக்கும், விரலை மடக்கிக்கொள்வான், கோடு கோணலாகப் போகும். என் மகள் அந்தத் தாளை வைத்துத்தான் கேன்டீனில் ஷூ வாங்குவாள். கோணல் கோட்டுக்கும் சேர்த்து அரை அங்குலம் கூட்டி வாங்கிவிடுவாள். பிள்ளைக்கு ஷூ வாங்கும் உரிமை தாய்க்கு இருந்தது. இப்படிச் சின்ன உரிமை ஒவ்வொன்றையும் தேடிக் கண்டுபிடித்து அவள் கையில் கொடுங்கள்.

10. அவள் லீவில் வரும்போதும் திரும்பும்போதும் செய்ய வேண்டியவை.

காட்பாடி ஜங்ஷனில் இறங்கியவுடன் குழந்தை ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கொள்ளும் என்று எதிர்பார்க்காதீர்கள். சின்னக் குழந்தை முதல் நாள் பாட்டி முந்தானைக்குள் ஒளியும். "அம்மாவையே அடையாளம் தெரியலையா?" என்று யாரும் சிரிக்கக் கூடாது. இரண்டு நாள் பொறுங்கள். அந்த இரண்டு நாளும் விருந்தாளி வேண்டாம், ஊர்ப் பயணம் வேண்டாம். குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது, தூங்க வைப்பது மூன்றையும் அவளிடம் விட்டுவிடுங்கள். சோப்பு கண்ணில் பட்டுக் குழந்தை அழுதாலும், பாட்டி ஓடி வந்து வாங்கிக்கொள்ள வேண்டாம். "அவனுக்கு அப்படிப் பிடிக்காது, உனக்குத் தெரியாது" என்ற வார்த்தை வீட்டில் கேட்கவே கூடாது.

திரும்பும் நாளில் குழந்தை தூங்கும்போது நழுவிப் போகச் சொல்லாதீர்கள். அழக் கூடாது என்று நினைத்துத்தான் சொல்கிறீர்கள். ஆனால் அடுத்த முறை அவள் வரும்போது, கண்ணை மூடினால் அம்மா போய்விடுவாள் என்று அந்தக் குழந்தை தூங்கவே பயப்படும். முதல் நாளே சொல்லுங்கள், பெட்டி அடுக்கும்போது கூட உட்கார வையுங்கள், ரயிலடிக்கு அழைத்துப் போங்கள். அழட்டும். அழுத பிள்ளையை வீட்டுக்குத் தூக்கி வந்து வழக்கமான நேரத்தில் சோறு போட்டுத் தூங்க வைப்பது உங்கள் வேலை.

11. ஆசிரியர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும்.

பேரன் படித்த பள்ளி ஒன்றில், அம்மா வந்து கையெழுத்துப் போட்டால்தான் ரேங்க் கார்டு தருவோம் என்று சொல்லி, மூன்றாம் வகுப்புப் பிள்ளையை வெறுங்கையோடு அனுப்பினார்கள். ஆசிரியர்களே, வருடத் தொடக்கத்தில் இந்தப் பிள்ளையின் தாய் படையில் இருக்கிறாள் என்று குறித்துக்கொள்ளுங்கள். தகப்பனோ தாத்தாவோ வந்தால் அதே மரியாதை கொடுங்கள். பெற்றோர் கூட்டத்தன்று ஃபோனில் பத்து நிமிடம் அவளோடு பேசுங்கள். வகுப்பில் "அம்மா" பற்றி எழுதச் சொல்லும்போது, சமையலறையில் நிற்கும் அம்மா ஒன்றுதான் சரியான விடை என்று வைக்காதீர்கள்.

மாற்றலாகும் பிள்ளைகளுக்குக் கேந்திரிய வித்யாலயாவில் முன்னுரிமை உண்டு, ராணுவப் பள்ளிகளும் உண்டு. ஊர் ஊராக மாறும் பிள்ளைக்குத் தமிழ் எழுத்து நழுவிவிடும். லீவில் வரும்போது பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தி தினம் அரை மணி நேரம் தமிழ் வாசிக்கச் சொல்லிக் கொடுத்தால் அதுவே அந்தத் தாய்க்குச் செய்யும் பெரிய உபகாரம்.

அக்கம்பக்கத்தாரே, அவள் வந்தால் கேன்டீன் சரக்கு கிடைக்குமா என்று கேட்டு நிற்காதீர்கள். அவள் இல்லாத நாளில் அந்த வீட்டுப் பாட்டிக்கு இரவு நேரத்தில் ஆட்டோ பிடித்துக் கொடுங்கள். ஏதாவது சிக்கல் வந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் எங்கே இருக்கிறது என்று காட்டி, கூடவே போய் வாருங்கள். பணியில் இருப்பவர்களின் குடும்பங்களுக்கும் அங்கே வழிகாட்டுவார்கள்.

12. அவளைத் தெய்வமாக்கவும் வேண்டாம், அடுத்தவளோடு ஒப்பிடவும் வேண்டாம்.

மாதுரி கனித்கர் இரண்டு பிள்ளைகளின் தாய், குழந்தை மருத்துவர், லெப்டினன்ட் ஜெனரல் வரை உயர்ந்தவர். விமானப்படையின் ஷாலிசா தாமி ஒரு மகனுக்குத் தாய். 2023-இல் மேற்கு எல்லையில் போர்முனைப் பிரிவு ஒன்றுக்குத் தலைமை ஏற்க அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்படிப்பட்ட பொறுப்பு பெற்ற முதல் பெண் அதிகாரி அவர்தான். 2019 குடியரசு நாள் அணிவகுப்பில் அசாம் ரைஃபிள்ஸின் பெண்கள் அணியை நடத்திச் சென்ற குஷ்பூ கன்வரும் ஒரு தாய்தான். இவர்கள் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஆனால் உங்கள் வீட்டுப் பெண் களைத்துப் போய்ப் பேசும் நாளில், "அவங்க எல்லாம் பண்ணலையா?" என்று இந்தப் பெயர்களை எடுத்து வீசாதீர்கள்.

அவளுக்குக் கோபம் வரும், அழுகை வரும், சில நாள் வேலையை விட்டுவிடலாமா என்றும் தோன்றும். பிரசவத்துக்குப் பிறகு வாரக்கணக்கில் தூக்கமும் சிரிப்பும் இல்லாமல் இருந்தால் அது மனதின் பலவீனம் கிடையாது. அது நோய், மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். பணியைத் தொடர்வதும் விடுவதும் அவள் முடிவு. தொடர்ந்தால் பிள்ளை பேரைச் சொல்லிக் குத்தாதீர்கள். விட்டு வந்தால் "இத்தனை வருஷம் வீணாச்சே" என்றும் சொல்லாதீர்கள். ஒரு நாள் சேவை செய்திருந்தாலும் அது சேவைதான்.

பூனாவுக்குப் பக்கத்தில் கடக்வாஸ்லாவில் இருக்கும் தேசியப் பாதுகாப்பு அகாதமியில் 2022-இல் முதல் முறையாகப் பெண்களைச் சேர்த்தார்கள். அவர்களில் 17 பேர் 2025 மே 30 அன்று ஆண் தோழர்களோடு ஒரே அணிவகுப்பில் நடந்து பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். இன்னும் சில வருடத்தில் அவர்களுக்கும் கல்யாணம் ஆகும், பிள்ளை பிறக்கும். பரங்கிமலையில் இன்றைக்கு ஓடிக்கொண்டிருக்கும் பெண்களுக்கும் அப்படித்தான். ராணுவம் தன் கதவைத் திறக்க நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. வீட்டுக் கதவைத் திறக்க எந்தத் தீர்ப்பும் வேண்டியதில்லை. ஜனவரி 15 ராணுவ நாளில் கை தட்டுகிறோம், டிசம்பர் 7 கொடி நாளில் உண்டியலில் காசு போடுகிறோம். மீதி நாட்களில் ஒரு பிள்ளையைக் குளிப்பாட்டி, சோறு போட்டு, பள்ளிக்கு அனுப்பி, அதன் தாயிடம் "எல்லாம் நல்லபடியா நடக்குது, நீ உன் வேலையைப் பாரு" என்று மனதாரச் சொல்ல ஆள் வேண்டும். உங்கள் வீட்டில் அந்த ஆள் யார் என்று இன்று இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும்போதே பேசி முடிவு செய்யுங்கள்.